மேற்குச் சுவர்

எபிசன் அலமாரிக் கதவின் ஓரத்தை இழைப்புளியால் இன்னும் ஒரு தடவை இழைத்து, மூடிப் பார்த்தான். உரசாமல் மூடியது. கைரம்பமும் உளியும் வைத்து, ஒரு மாதமாக அயனிப் பலகையில் அவனே செய்த சின்னச் சுவர் அலமாரி.

“எந்தச் சுவர்ல மாட்ட?” என்று மனைவியிடம் கேட்டான்.

“மேற்குச் சுவர்லதான். காலம்பற வெயிலு ஜன்னல் வழியா வந்து அது கதவுல விழணும். கண்ணு முழிச்சதும் நான் அதப் பாக்கணும்” என்றாள் ரெஜிலா.

பதினோரு வருடத்தில் மூன்று வாடகை வீடுகள். மூன்றிலும் வீட்டுக்காரர்கள் முதலில் சொன்னது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதைத்தான்.

“இங்க எத்தன ஆணி வேணும்னாலும் அடிக்கலாம்” என்று சிரித்தான் எபிசன். “நீ பிடி. நான் தள்ளி நின்னு பாக்கேன்.”

ரெஜிலா அலமாரியை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தாள்.

“இன்னும் மேல. கீழ்த்தட்டுல மருந்து இருக்கும். மக கைக்கு எட்டப்பிடாது” என்றான் எபிசன்.

“அதுக்குள்ள அவ வளந்து வெவரம் வந்துரும். இந்த உயரம் போதும்.”

அடுத்த விளையில் ரப்பர் மரங்களில் பால் எடுத்துக்கொண்டிருந்த ஆபேல் அண்ணன் வாளியோடு நின்றுவிட்டார்.

“மக்கா எபிசன், என்ன செய்யுதிய?”

“அலமாரி மாட்ட இடம் பாக்கோம்ணே.”

முழங்கால் உயரப் புல்லில் நான்கு குச்சிகள் நட்டுக் கயிறு கட்டியிருந்தது. அஸ்திவாரம்கூட இன்னும் தோண்டவில்லை. கயிற்றுக்குள்ளே ரெஜிலா கைகளை உயர்த்தி நின்றாள். அலமாரிக்குப் பின்னால் வெறும் வானம்தான் இருந்தது.

“நேரா இருக்காண்ணே?” என்று கேட்டாள் அவள்.

ஆபேல் வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“வலப்பக்கம் கொஞ்சம் தாந்திருக்கு, மக்கா.”