நாற்பத்திரண்டு கையெழுத்து

"துரை வந்துட்டா என் சீட்டைக் கிழிச்சிருவாரு. சீக்கிரம் சொல்லு வடிவு, ரெண்டுல எது சுலபமா இருக்கு?"

தேயிலைத் தோட்ட ஆபீஸின் பின்கதவோரம் நின்று, அங்கே கணக்கெழுதும் தங்கையா கிராணி இரண்டு தாள்களை நீட்டினார். வடிவம்மாள் கொழுந்துக் கூடையை முதுகிலிருந்து இறக்காமலே குனிந்து பார்த்தாள்.

குடியுரிமை கேட்கும் மலாய் பாரத்தை எப்படி நிரப்புவது என்று காட்டும் தாள்கள் அவை. முதல் தாளில் இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் பொடிப்பொடியாகத் தமிழில் விளக்கம். இரண்டாவதில் விளக்கமே கிடையாது. பாரத்தைக் கட்டம் கட்டமாக அப்படியே வரைந்து, தன்னுடைய விவரங்களை எழுதியிருந்தார். பெயர் தங்கையா, ஐசி என்கிற அடையாள அட்டை நம்பர், பிறந்த ஊர் முசிறி, இந்தியா என்று கடைசிக் கட்டம் வரை நிரம்பியிருந்தது. அவருக்குக் குடிமக்களுக்கான நீல ஐசி வாங்கித் தந்த பாரத்தின் நகல் அது.

"மொதத் தாளப் பாத்தாலே தலை சுத்துதுய்யா. இதுதான் நல்லாருக்கு. ஜெயிச்ச தாளு வேற."

தங்கையாவுக்கும் மனசு அதில்தான். மலாய் வாசிக்கத் தெரியாதவர்களிடம் பக்கம் பக்கமாக விளக்கம் கொடுத்து என்ன செய்ய? ஆனாலும் தானாக முடிவு செய்யத் துணியவில்லை. போன வருஷம் பட்ட அடி அப்படி.

போன வருஷம் இந்தத் தாளெல்லாம் கிடையாது. தோட்டத்து லயத்தில் குடியிருக்கும் ஆட்கள் எல்லாருக்கும் அவரே உட்கார்ந்து பாரம் எழுதிக் கொடுத்தார். ஒரே ஆள் கையெழுத்து, செல்லாது என்று மொத்தக் கட்டும் திரும்பி வந்துவிட்டது. அதற்குள் வேலாயியின் வேலை பெர்மிட் முடிந்துபோய், பிள்ளைகுட்டிகளோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். வேலாயி இதே லயத்தில் பிறந்தவள். தன்னால்தான் அவள் போனாள் என்ற நினைப்பு கிராணியை ஒழுங்காகச் சோறு தின்ன விடவில்லை.

இந்த நாற்பத்திரண்டு பேரும் இங்கே பிறந்தவர்கள்தான். அது ஒன்றுதான் அவர்களுக்கு இருந்த பிடி. அதை விட்டால் வேறு ஒன்றுமில்லை.

"இந்தத் தடவையும் தவறிப்போச்சுன்னா எங்களையும் ஏத்திருவாங்களாய்யா?" என்றாள் வடிவம்மாள். "நான் கப்பலையே பாத்ததில்ல. இந்தியா எந்தப் பக்கம் இருக்குன்னுகூட தெரியாது."

"தவறாது. அவங்கவங்க கைப்பட எழுதணும், அவ்வளவுதான். நீ எல்லார்ட்டயும் சொல்லிரு."

"பேரும் நம்பரும் எங்க சிவப்பு ஐசியப் பாத்து எழுதிர்றோம். மத்தது இந்தத் தாளப் பாத்துத்தானே?"

மேட்டில் துரையின் கார் திரும்பும் சத்தம் கேட்டது. கிராணி தாள்களை மடித்துச் சட்டைக்குள் செருகினார்.

"ஆமா, ஆமா. ஓடு, ஓடு!"

அன்று மத்தியானமே இரண்டாவது தாளை ஸ்டென்சில் வெட்டி, ஆபீஸ் மிஷினில் நாற்பத்திரண்டு பிரதி ஓட்டினார். கடைசிப் பிரதி விழும்போது துரை பின்னால் நின்றுகொண்டிருந்தார். தாளை எடுத்துப் பார்த்தார். திட்டவில்லை. "திங்கக்கெழம கணக்கை ஒப்படைச்சிட்டுப் போயிரு" என்றார். இருபத்தாறு வருஷ வேலை அந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்தது.

போனால் போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். இந்த நாற்பத்திரண்டு பேராவது நிலைக்கட்டும்.

வெள்ளிக்கிழமை மனு கொடுக்கக் கடைசி நாள். பக்கத்து ஊரான திரிங்காப்பிலிருந்து முட்டைகோஸ் ஏற்றி வந்த லோரி தோட்டத்து முகப்பில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. வடிவம்மாள் பாரக் கட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தானும் கூடவே ஏறிக்கொண்டாள்.

"ஒண்ணும் விட்டுப்போகலயே?"

"ஒரு கட்டம்கூட காலியில்லய்யா. ராத்திரியெல்லாம் ஒக்காந்து எழுதியிருக்கோம்."

லோரியின் குலுக்கலில் கிராணி கட்டை விரலால் தாள்களைச் சரசரவென்று தள்ளிப் பார்த்தார். ஒருவர் எழுத்து கோணல், ஒருவர் எழுத்து குண்டு, இன்னொருவருடையது கட்டத்தைவிட்டே வெளியே ஓடியது. நாற்பத்திரண்டும் நாற்பத்திரண்டு விதம். அவர் தேடியது அதைத்தான். கண் கலங்கிப்போய் கட்டை மறுபடி கட்டினார்.

டவுன் ஆபீஸ் கவுண்டரில் பக்கிரிசாமி இருந்தார். நல்ல மனுஷர், நம்மவர். முத்திரைக் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

"முத்திரை விழுந்துட்டா திருப்பித் தர முடியாது. ஒரு எழுத்துகூட மாத்த முடியாது. தெரியும்லா?"

"தெரியும்லா. தைரியமா குத்துங்க."

ஒவ்வொரு பாரத்திலும் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து டொக் டொக்கென்று குத்தினார் பக்கிரிசாமி. ஒவ்வொரு சத்தத்துக்கும் வடிவம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். நாற்பத்திரண்டாவதும் விழுந்தது.

"கையெழுத்தெல்லாம் வேற வேற. இந்தத் தடவை கொறையே சொல்ல முடியாது" என்று சிரித்தபடி மேலே இருந்த பாரத்தை எடுத்து முதல் தடவையாக வாசித்தார். அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததையும் எடுத்தார். சிரிப்பு நின்றுபோனது.

"ஏன் கிராணி, நாப்பத்திரண்டு பேருமா முசிறியில பொறந்தாங்க?"