சும்மா நிற்கிறவள்

கிட்ட வந்து இருங்கள், என் செல்லங்களே. யாழ்ப்பாணத்துக் குருநகரின் ஒரு காலைப்பொழுதைச் சொல்கிறேன். முற்றத்து வெயிலில் ஈரவலை மினுங்குகிறது. ஜெனிற்றா அதில் சிக்கிய நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். தம்பி றொபின் வாசல் படலையடியில் கைபேசியைத் தடவுகிறான். ஐஸ் கம்பனியில் கணக்குப் பார்க்க ஆள் தேடி வந்த லெனாட், கதிரையில் அமர்ந்து தேநீர் குடிக்கிறார். "வீட்டிலை வேலையில்லாத பிள்ளையள் ஆர், அண்ணை?" என்று கேட்கிறார். "றொபின் ஒருத்தன்தான்," என்கிறார் தகப்பன் நீக்கிலாப்பிள்ளை. "உவள் ஜெனிற்றா சும்மா வீட்டிலை நிக்கிறாள்." நண்டொன்று ஜெனிற்றாவின் விரலைக் கவ்வுகிறது. "சும்மா நிக்கிறவளை நண்டு கடிக்குமோ, அப்பா?" விரலை உதறிக்கொண்டு எழும்புகிறாள். "நானும் கணக்கியல் படிச்சனான், அங்கிள். நானும் வேலை தேடுறன்." "போச்சு, என்ரை வேலை போச்சு!" என்று றொபின் சிரிக்கிறான். லெனாட் கதிரையை அவள் பக்கம் திருப்பிப் போடுகிறார். "திங்கக்கிழமை நீரும் வாரும், பிள்ளை." உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளின் கையும் உழைப்பால் நிறையட்டும், உங்கள் உலை ஓயாமல் கொதிக்கட்டும்.