தொட்டுக்கொள்ள

'லேசான உடல்' என்று எழுதினாள்.

உடனே அதை அடித்துவிட்டாள்.

பிரெஞ்சுக்காரர்கள் ஒயினுக்கு உடல் உண்டு என்பார்கள். கனத்த உடல், நடுத்தர உடல், லேசான உடல். முப்பது வருடம் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவளுக்கு அது புதிதில்லை.

அருளப்பனின் கடைசி மாதத்தில், அவள் ஒருத்தியே கணவனைத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோனாள். அவ்வளவு லேசாக இருந்தான்.

'நாவில் கனக்காது' என்று மாற்றி எழுதினாள்.

மேசையில் போஜொலே ஒயின் புட்டி இருந்தது. திவ்யநாதன் வைத்துவிட்டுப் போனது. அவளிடம் படித்தவன். புதுச்சேரியில் ஒயின் கடை திறக்கப்போகிறான். கடைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கச் சின்னதாக ஒரு புத்தகம் வேண்டும், பிரெஞ்சில் இருப்பதைத் தமிழில் எழுதித் தாருங்கள் என்றான். ஒரு வாய் குடித்துப் பார்த்து எழுதினால் நன்றாக இருக்கும் என்றும் சொல்லியிருந்தான்.

அவள் மூடியைத் தொடவில்லை.

செர்ரிப்பழ வாசனை. துவர்ப்பு குறைவு. மெல்லிய புளிப்பு. சற்றே குளிரவைத்துப் பரிமாறவும்.

அடுத்த பக்கம், உடன் சாப்பிட வேண்டியவை. பன்றித் தொத்திறைச்சி, வாட்டிய கோழி, மென்மையான சீஸ். அதை மட்டும் மாற்றிவிடுங்கள், நம்மூர் வீடுகளில் செய்கிற மாதிரி போடுங்கள் என்று கேட்டிருந்தான்.

இந்தப் பக்கத்துக்குத்தான் நாளாகும் என்று நினைத்திருந்தாள்.

பேனா நிற்கவில்லை.

காரம் குறைத்த இறால் வறுவல். சுறாப்புட்டு, பூண்டு தூக்கலாக. அரிசி மாவில் புரட்டிய நெத்திலி, அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு. வெங்காயம் கலந்த வேர்க்கடலை. எலுமிச்சை பிழிய வேண்டாம், இதிலேயே புளிப்பு இருக்கிறது. மிளகு போட்ட ஈரல் கூடாது; இவ்வளவு மெல்லிய ஒயின் அதைத் தாங்காது.

கால் மணி நேரத்தில் பக்கம் நிறைந்தது.

ஒரு சொட்டுக் குடித்ததில்லை அவள்.

பத்தொன்பது வருடம் பொரித்திருக்கிறாள். வெறும் வயிற்றில் குடித்தால் அருளப்பன் வாந்தி எடுத்துக்கொண்டே இருப்பான். அதனால் முதல் டம்ளருக்கு முன்பே ஒரு தட்டு வைத்துவிடுவாள். எதை வைத்தால் அள்ளிச் சாப்பிடுவான், எதை வைத்தால் ஒதுக்குவான், எல்லாம் கைக்குத் தெரியும். சாப்பிட்டால் பிழைத்துக்கொள்வான் என்று நம்பினாள்.

அடக்கம் முடிந்து திரும்பிய மதியம், கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது அவன் அக்கா சொன்னாள்.

"நீதானம்மா வக்கணையாப் பொரிச்சுப் பொரிச்சு வச்சே. ருசியில்லாமப் போட்டிருந்தா டம்ளர வச்சுட்டு எப்பவோ எந்திரிச்சுப் போயிருப்பான்."

ஆறு வருடமாகிறது. அதற்குப் பதில் சில நாள் கிடைக்கும். மறுநாள் அது போதாது.

திவ்யநாதன் வந்தான். நின்றபடியே படிக்க ஆரம்பித்தவன், இரண்டாவது பக்கம் வந்ததும் உட்கார்ந்துவிட்டான்.

"எப்டி டீச்சர் இவ்ளோ கரெக்டா? பிரான்ஸ்ல போய்க் கத்துக்கிட்டீங்களா?"

"இல்லப்பா. இந்த அடுப்படியிலதான்."

அவன் சிரித்தான். அவளும் சிரித்துவைத்தாள். புட்டியை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

வாசல்வரை போனவனைக் கூப்பிட்டு, கடைசியில் ஒரு வரி விட்டுப்போயிற்று, சேர்த்துக்கொள் என்றாள். வெறும் வயிற்றில் குடிக்க வேண்டாம்.

மருந்துச் சீட்டில் எழுதுகிற மாதிரி இருக்கிறதே என்றான். இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். தலையாட்டிவிட்டுப் போனான்.

பத்து நாளில் புத்தகம் வந்தது. அவளுக்கென்று இருபது பிரதி. வழவழப்பான தாள். இறாலுக்கும் நெத்திலிக்கும் வண்ணப் படம். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

அந்த வரியும் இல்லை.

ஃபோனை எடுத்தாள். வைத்துவிட்டாள். அவனைச் சொல்லி என்ன. கடை வைத்திருக்கிறவன்.

அங்கே இன்னும் ஆயிரம் இருக்கும். இவளிடம் இருபதுதான்.

இருபதையும் மேசையில் அடுக்கினாள். மேலே இருந்ததன் கடைசிப் பக்கத்தைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினாள்.