மண் தின்னாத வெள்ளி

"மண்ணுக்குள்ளை கிடந்தால் எந்த வெள்ளி பழுதாகாது, பிள்ளை?"

கோபிகாவின் கையிலிருந்த சாவிக்கொத்து கண்ணாடிப் பெட்டிமேல் விழுந்தது. கஸ்தூரியார் வீதி நகைக்கடையில் அவள் வேலைக்கு நிற்கும் இத்தனை காலத்தில் செய்கூலிக்குச் சண்டை பிடித்தவர்கள் உண்டு, சேதாரத்துக்குச் சாபம் போட்டவர்களும் உண்டு. மண்ணைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

கேட்டவர் சிவக்கொழுந்து அம்மா. மட்டுவிலில் இருந்து மினிபஸ் ஏறி வந்திருந்தார், எழுபது தாண்டியிருக்கும். "வெள்ளியைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. அந்த நாளிலை எல்லாம் அவர்தான் வாங்கிறது. அவரும் போய்ச் சேர்ந்திட்டார்" என்று உள்ளே வரும்போதே சொல்லியிருந்தார்.

இப்படி ஒன்றும் தெரியாமல் வருகிறவர்கள் கோபிகாவுக்குப் புதிதல்ல. வெள்ளி விலை ஏறினாலும் ஏறியது, வெண்காயம் வாங்கச் சந்தைக்கு வந்தவர்களும் ஒருக்கால் எட்டிப் பார்த்து விலை கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். அவள் கட்டி, காசு, கொலுசு, குங்குமச்சிமிழ் எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பினாள்.

"முதன்முதல் வாங்கிறவைக்கு நான் சொல்லுறது கட்டி அம்மா, இல்லாட்டிக் காசு. ரண்டும் சுத்த வெள்ளி. திருப்பி விக்கேக்கை பெரிசா நட்டம் வராது. கொலுசு, விளக்கு எண்டு போனால் வடிவுக்கும் சேர்த்தெல்லோ குடுக்கவேணும்."

"அது சரி. மண்ணுக்குள்ளை?"

மனுசி பிடித்த பிடியை விடவில்லை.

"சுத்த வெள்ளி அவ்வளவு மாறாது. நகையிலை செம்பு கலந்திருக்கு, அது கறுத்துப்போகும்."

"கறுத்தால் எப்பிடி இருக்கும்? கரி மாதிரியோ?"

பழைய நகை மாற்ற வருபவர்கள் கொடுத்துவிட்டுப் போனவை ஒரு பெட்டியில் கிடந்தன. அதிலிருந்து கறுத்த கொலுசு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். யார் காலில் கிடந்ததோ தெரியாது. சிவக்கொழுந்து அம்மா அதை உள்ளங்கையில் வைத்து, நகத்தால் சுரண்டி, நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முப்பது வருசம் கிடந்தாலும் உக்காதோ? உப்பு மண்ணெண்டாலும்?"

"கறுக்கும், ஊத்தை பிடிக்கும். ஆனால் உக்காது, அம்மா. வெள்ளியை மண் லேசிலை தின்னாது."

மனுசி கண்ணை மூடித் திறந்தார். தலைச்சுமையை இறக்கி வைத்தவர்போல மூச்சு விட்டார்.

அந்தச் சுமை கோபிகாவின் தலையில் ஏறிக்கொண்டது. தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது, அவளுடைய அம்மா காப்புகளையும் பதக்கம் சங்கிலியையும் பிஸ்கற் தகரத்தில் போட்டு வீட்டு வளவுக்குள் புதைத்துவிட்டு ஓடினாள். திரும்பி வந்தபோது அடையாளம் வைத்த மாமரமும் இல்லை, மதிலும் இல்லை. சாகும்வரைக்கும் வளவைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். இன்றைக்கும் பக்கத்து வளவில் யாராவது அலவாங்கு போட்டு மண்ணைக் கிண்டினால் கோபிகாவுக்குச் சோறு இறங்காது. அம்மா இன்னும் தேடுகிறாள் என்றுதான் அவளுக்குத் தோன்றும்.

இந்த மனுசியையும் அந்தக் கதிக்கு விடக்கூடாது என்று நினைத்தாள்.

"உதிலை அரைஞாண் இருக்கோ, பிள்ளை?"

கோபிகா குழந்தைகளின் தட்டை இழுத்தாள். "பேரப்பிள்ளைக்கோ?"

"இல்லை, பெரிசு. என்ரை மோன்ரை அளவு. இருபத்தெட்டு அங்குலம். அவன் மெலிவு."

"இந்தக் காலத்துப் பெடியள் ஆரம்மா வெள்ளி அரைஞாண் கட்டுறாங்கள்?"

"அவன் குளிக்கேக்கையும் கழட்டமாட்டான்."

தட்டுகளுக்கு அடியில் தேடி ஒன்றை எடுத்தாள். முறுக்குக் கொடி, கொழுக்கி வைத்தது. சிவக்கொழுந்து அம்மா இரண்டு கையாலும் வாங்கி, கொடியை முழு நீளத்துக்கும் தடவி, கொழுக்கியைத் திறந்து திறந்து பூட்டினார். "ஓம். உதுதான், உதே மாதிரித்தான்" என்றார். விலையைக் கேட்கவே இல்லை.

கோபிகா வழக்கம்போல மினுக்குகிற துணியை எடுத்தாள்.

"மினுக்காதை, பிள்ளை. உங்கடை பட்டறையிலை இதைக் கறுப்பாக்கித் தருவினமோ? இண்டைக்கே வேணும்."

கள்ளர் கண்ணில் படாமல் இருக்கத்தான். மனுசி லேசுப்பட்ட ஆளில்லை என்று கோபிகா எண்ணினாள். ஆனாலும் அவளால் பொறுக்க முடியவில்லை. முதலாளி பார்ப்பதையும் பாராமல் மனுசியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். உதைக் கொண்டுபோய்ப் புதைக்காதேங்கோ. வங்கியிலை வையுங்கோ. என்ரை அம்மா புதைச்சுப்போட்டுச் சாகுமட்டும் தேடினவ. மண்ணுக்குள்ளை போனது திரும்பி வராது, அம்மா."

மனுசி தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். கொடியை மட்டும் விடவில்லை.

"நான் புதைக்கேல்லை, பிள்ளை. மனிசப் புதைகுழிக்குள்ளை எடுத்த சாமானுகளை நாளைக்குச் சனத்துக்குக் காட்டப்போகினமாம். எவ்வளவு கறுத்துக் கிடந்தாலும் என்ரை மோன்ரை அரைஞாணை நான் அடையாளம் பிடிக்கவேணும்."