கீழ்வீட்டு விமர்சகர்

"கீழ்வீட்டுக்காரர் இன்னைக்கும் கேட்டாருங்க. 'உங்க வீட்டுக்காரர் வயலின் வாசிக்கிறாரா, இல்ல கதவுக்கு எண்ணெய் பத்தலையா?'ன்னு" என்றாள் மனைவி.

அவனுக்குச் சுருக்கென்றது. சோம்பலில் மூடி வைத்திருந்த வயலினை வீம்புக்கே எடுத்தான். மாதக்கணக்காக இதே கதைதான். அவன் கை ஓயும்போதெல்லாம் கீழ்வீட்டுக்காரர் ஏதாவது சொன்னதாக மனைவி வந்து சொல்வாள்.

ஒரு பாட்டு பிசிறில்லாமல் கைக்கு வந்த அன்று விறுவிறுவென்று கீழே இறங்கினான். அவன் இதுவரை நேரில் பேசியே இராத அந்த மனிதர் வாசலில் நின்றிருந்தார்.

"இப்பவாவது என் வாசிப்பை ஒத்துக்கிறீங்களா சார்?"

அவர் காதருகே கையைக் குவித்தார். "எழுதிக் காட்டுங்க தம்பி. எனக்குக் காது போய்ப் பல வருஷமாச்சு!"

மாடியேறி வந்தவனிடம், "என்ன சொன்னாரு?" என்று மனைவி பதறிக் கேட்டாள்.

"இன்னும் எண்ணெய் பத்தலையாம்" என்றான், சிரிப்பை அடக்கிக்கொண்டு வயலினை எடுத்தபடி.