'எல்லா' என்று சொல்லிவிட்டேன்

மார்ச் 9, சனி. இன்றைய தவறு: 'பல தாய்மார்களிடம்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'எல்லாத் தாய்மார்களிடமும்' என்று சொல்லிவிட்டேன்.

அன்றன்றைய தவறையும் மறுநாள் வேலையையும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் மாலை வகுப்பு ஆசிரியர். ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களுக்குப் பொதுமக்களிடம் பேசக் கற்றுத்தரும் வகுப்பு அது. இன்று நூலக அரங்கில் என் முதல் பேச்சு.

விஷயம் இதுதான். தாயின் உடலுக்கு வயிற்றுப் பிள்ளை பாதி அந்நியம்; பாதி தகப்பன் வழி வந்தது. ஆனாலும் அவளுடைய நோய் எதிர்ப்புச் சக்தி அதை விரட்டுவதில்லை. பிள்ளையின் செல்கள் சில தாயின் ரத்தத்தில் கலந்து, பிரசவத்துக்குப் பிறகும் பல வருடங்கள் அங்கேயே குடியிருக்கின்றன. எங்கள் குழு ஆராய்வது இதைத்தான்.

படத்தைப் போட்டு விளக்க ஆரம்பித்ததுமே முன்னால் இருந்தவர் கொட்டாவி விட்டார். பக்கத்தில் இருந்தவருக்கும் அது தொற்றியது. பதறிப்போய், தாளில் எழுதி வைக்காத ஒன்றைச் செய்தேன். முதல் வரிசையில் இருந்த அம்மாவைக் கை காட்டினேன்.

"இதோ, எங்கம்மா. எல்லா அம்மாக்களுக்குள்ளயும் பிள்ளைங்க இருக்கிற மாதிரி இவங்களுக்குள்ளயும் நான் இன்னும் இருக்கேன். அதனாலதான் நான் வீட்டுல இல்லாதப்பவும் என்னைத் திட்டிக்கிட்டே இருக்காங்க!"

அரங்கம் சிரித்துக் கைதட்டியது. அம்மா சிரிக்கவில்லை, திரும்பிப் பின்னால் பார்த்தாள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

கேள்வி நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்தார். அம்மாவைவிடச் சற்று இளையவராக இருக்கலாம். ஒலிவாங்கியைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"பிள்ளை நம்மகிட்ட இல்லாட்டியும் அது இருக்குமாம்மா?"

"கண்டிப்பா இருக்கும்மா."

"எனக்குள்ளயுமா?"

"உங்களுக்குள்ளயும்தான்."

அவர் ஒலிவாங்கியைக் கையில் வைத்தபடியே என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுத்த கேள்விக்கு நான் பதில் சொல்லி முடித்தபோது அம்மாவின் நாற்காலியும் காலியாக இருந்தது.

மேடையை விட்டு இறங்கியதும் 'பூதக்கண்ணாடி' அக்கா பிடித்துக்கொண்டார். எங்கள் குழுவில் மூத்தவர். யார் எழுதியதிலும் பேன் பார்ப்பவர்.

"எல்லா அம்மாவையும் சோதிச்சுப் பாத்தியா நீ?"

"இல்லக்கா."

"சோதிச்சதுல எத்தனையோ பேருகிட்ட ஒரு செல்கூடக் கிடைக்கலன்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுக்கிட்டேவா அடிச்சு விட்ட? நாம என்ன ஜோசியமா சொல்றோம்?"

சுருக்கென்றது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தரிடம், நிச்சயமில்லாததை நிச்சயம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதை நெஞ்சில் வைத்துக்கொண்டே அவர் மிச்ச காலத்தையும் ஓட்டிவிடுவார். வெளியே ஓடினேன். படிக்கட்டு, வண்டி நிறுத்துமிடம், பேருந்து நிறுத்தம், எங்கும் அவர் இல்லை. அம்மாதான் எதிரே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"தூசி. நீ வா, பஸ் போயிடும்."

பஸ்ஸில் அம்மா என் பக்கத்தில் உட்காராமல் முன் இருக்கைக்குப் போய்விட்டாள். 'திட்டிக்கிட்டே இருக்காங்க' என்று ஊர் முன்னால் சொன்னதற்குக் கோபமோ என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. வீட்டுக்கு வந்தும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"நாளைக்கு அந்தம்மாவைத் தேடிப் பிடிச்சு உண்மையைச் சொல்லணும்மா. நூலகத்துல யாருக்காவது அவங்களைத் தெரிஞ்சிருக்கும்."

"என்னன்னு சொல்லுவே?"

"உங்களுக்குள்ள அது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னு."

"வேண்டாம். அவ தாங்க மாட்டா."

"அதுக்காக? பொய் சொல்லிட்டு எப்படிம்மா நிம்மதியாத் தூங்குறது?"

"ஏன், நான் தூங்கலையா இத்தனை வருஷமா?"

எனக்குப் புரியவில்லை. அம்மா என் தட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அவதான் என்கிட்ட வந்து, தூரத்துல இருந்து ஒரே ஒரு தடவை உன்னைப் பாத்துக்கிறேன்னு கெஞ்சினா. நான்தான் இன்னைக்கு வரச் சொன்னேன்."

"யாரும்மா அவங்க?"

"நீ 'எல்லா'ன்னு சொன்னதெல்லாம் பெரிய தப்பில்லடி. என்னைக் கை காட்டினதுதான் தப்பு. கடைசி வரிசையைக் காட்டியிருக்கணும்."

நாளைய வேலை: அம்மாவையும் கூட்டிக்கொண்டு அவரைப் போய்ப் பார்ப்பது.