நற்செயல் நோட்டு

"எங்கடா உன் நோட்டு?"

பகலவன் நீட்டினான். சாரண ஆசிரியர் செல்லதுரை வாங்கிப் பிரித்தார். அட்டையில் பெயர் இருந்தது. உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை. தைத்த இடத்தில் தாள் கிழிந்த பிசிறுகள் மட்டும் நின்றன.

"கிழிச்சு ராக்கெட் விட்டியா?"

"இல்லை சார்."

"தினம் வீட்டுல ஒரு நல்ல காரியம் செய்யணும், அதை எழுதி அம்மாகிட்ட கையெழுத்து வாங்கணும். முப்பதே நாள். இதுகூடவா முடியல?"

மைதானத்தில் பகலவன் அவரை சார் என்றுதான் கூப்பிடுவான். வீட்டுக்குப் போனால் அப்பா.

திருவையாற்றில் அந்த ஞாயிற்றுக்கிழமை மாநில விருதுக்குப் பெயர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள். தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த சாரண ஆணையர் ஒவ்வொரு நோட்டாக எடுத்து, சுற்றி நின்ற பெற்றோருக்கும் கேட்கும்படி படித்துக்கொண்டிருந்தார். ஜாஹித் மாடியில் காய்ந்த துணியை மடித்து வைத்திருக்கிறான். இன்னொருவன் தாத்தாவுக்கு நகம் வெட்டிவிட்டிருக்கிறான். எல்லாரும் கைதட்டினார்கள்.

"உங்க பையன்தானே சார்? அடுத்த வாரம் எழுதிக் குடுக்கட்டுமே," என்றார் ஆணையர்.

"வேண்டாங்க. இந்த வருஷம் இவன் பேர் போகாது. என் பையனுக்கு ஒரு நியாயம், ஊர்ப் பையனுக்கு ஒரு நியாயமா?"

சொல்லும்போது செல்லதுரையின் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது. மனுஷன்னா இப்படி இருக்கணும் என்று பெற்றோர்களில் ஒருவர் சொன்னது அவர் காதிலும் விழுந்தது.

இரண்டு வருஷமாக அந்த விருதுக்காக முடிச்சுப் போட்டும் கூடாரம் அடித்தும் பழகிய பையன், சல்யூட் அடித்துவிட்டு வரிசைக்குத் திரும்பினான். வயது வரம்புப்படி அவனுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

செல்லதுரை உதவி வேளாண் அலுவலர். வாரத்தில் ஆறு நாள் வரப்பு வரப்பாகச் சுற்றும் வேலை. ஏழாவது நாள் சாரணர் படை. எட்டாவதாக ஒரு நாள் இருந்திருந்தால் கண்டிப்பாக வீட்டுக்குக் கொடுத்திருப்பார்.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அடியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார்.

"அம்சா, இதைப் பாரு. எண்பத்தெட்டாம் வருஷம். அப்ப எனக்குப் பதிமூணு வயசு."

அம்சவல்லி அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். இருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

'அம்மாவுக்கு இரண்டு குடம் தண்ணீர் எடுத்தேன்.' 'அம்மாவின் சேற்றுப்புண்ணுக்கு மஞ்சள் அரைத்துக் கொடுத்தேன்.' ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு கைநாட்டு. சில நாள் மை. சில நாள் நடவு வயலிலிருந்து வந்த கையோடு அம்மா வைத்த சேற்று ரேகை.

செல்லதுரை நோட்டை மூக்கருகே கொண்டுபோனார். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் அவருக்கு அதில் ஆடி மாதத்து வயல் வாசனை வரும். அம்மாவின் வாசனையும்தான்.

"எழுதப் படிக்கத் தெரியாது எங்கம்மாவுக்கு. கால் கடுக்க நட்டுட்டு வந்து, 'இன்னைக்கு என்னடா எழுதியிருக்கே, படி'ன்னு கேட்டுட்டுத்தான் விரலை வைக்கும். அந்த வயித்துல பொறந்தவன் நான். என் பையன் வெறும் நோட்டை நீட்டறான்."

"அவன் இப்ப எங்கேன்னு தெரியுமா?" என்றாள் அம்சவல்லி.

"நான்ல கேக்கணும்?"

"தங்கச்சி செம்மொழியை டியூஷன்லேருந்து கூட்டிட்டு வரப் போயிருக்கான். காலைல நீங்க போறேன்னு சொன்னீங்க."

செல்லதுரை கடிகாரத்தைப் பார்த்தார். மறந்தே போயிருந்தது.

அம்சவல்லி பீரோவைத் திறந்து, புடவைக்கு அடியிலிருந்து மடித்த தாள்களை எடுத்து வந்தாள்.

"நேத்து இதை அடுப்புல போடச் சொல்லிட்டுப் போனான். கேஸ் அடுப்புல எங்கேருந்து போடறது? வச்சிருந்தேன்."

பகலவனின் கையெழுத்து.

'நான்காம் நாள்: அம்மாவைத் தஞ்சாவூர் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அப்பாவுக்கு முகாம். சொட்டு மருந்து விட்டதில் அம்மாவுக்குக் கண் தெரியவில்லை. கையைப் பிடித்து பஸ் ஏற்றினேன்.'

'பதினோராம் நாள்: செம்மொழி பள்ளியில் பெற்றோர் கூட்டம். அப்பா வரவில்லை. அப்பா நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். டீச்சர் சிரித்தார்.'

'பத்தொன்பதாம் நாள்: அம்மா அப்பா கல்யாண நாள். அப்பாவுக்கு ஞாபகம் இல்லை. பூ வாங்கி வந்து, அப்பா கொடுத்தனுப்பினார் என்று சொன்னேன்.'

ஒவ்வொன்றுக்கும் கீழே அம்சவல்லி கையெழுத்துப் போட்டிருந்தாள். பூ வாங்கிய நாளுக்கும்.

செல்லதுரைக்கு வெட்கமாக இருந்தது. நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"இவ்வளவு செஞ்சிருக்கான். அப்புறம் ஏன் அம்சா கிழிச்சான்?"

"கடைசித் தாளைப் படிங்க."

எடுத்தார்.

'முப்பதாம் நாள்: நாளைக்கு ஆணையர் நோட்டுகளை எல்லார் முன்னாலும் சத்தமாகப் படிப்பாராம். அப்பாவும் அங்கே நிற்பார். அதனால் இந்தத் தாள்களைக் கிழித்துவிட்டேன். இதுவே இன்றைய நற்செயல்.'

அதற்குக் கீழேயும் அம்சவல்லி கையெழுத்துப் போட்டிருந்தாள்.